ரீடர்ஸ் டைஜஸ்ட் பெட்டியும் திருவிழாத் தட்டுகளும்: எதில் சத்தம் நல்லது?

கொழுந்துக்கூடை (டிக்கோயா)

பழைய இசைத்தட்டு தேடுகிறவர்கள் ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகைக்காரர்கள் வெளியிட்ட இசைத்தட்டுப் பெட்டியைக் கண்டால் தள்ளிவைத்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பார்கள். சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்பார்கள். அந்தப் பெட்டிக்காகத்தான் இந்த இழை.

தாத்தா இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் பங்களா அப்புவாக, அதாவது துரை வீட்டு வேலையாளாக இருந்தவர். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது துரை சீமைக்குப் போய்விட்டார். ரேடியோவும் தட்டு பிளேயரும் சேர்ந்த ரேடியோகிராமை யாரோ கொண்டுபோக, தட்டுகள் மட்டும் எங்கள் வீட்டு ட்ரங்குப் பெட்டிக்கு வந்து சேர்ந்தன. தாத்தா தான் வாங்கியதையும் அதற்குள்ளேயே போட்டுவைத்தார். அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ், ஒரு திருவிளையாடல் கதை வசனம், எச்.எம்.வி.யும் கொலம்பியாவுமாகத் தமிழ்ப் பட ஈ.பி.கள் (45 வேகச் சின்னத் தட்டுகள்), அடியில் நிமிஷத்துக்கு 78 தடவை சுற்றும் கனமான பழைய 78 தட்டுகள் ஒரு கட்டு. கூடவே அந்த ரீடர்ஸ் டைஜஸ்ட் பெட்டி, லேசான மேற்கத்திய சாஸ்திரிய இசை.

இப்போது என்னிடம் இருப்பது பழைய ஜப்பான் பெல்ட் டேர்ன்டேபிள். அம்பிளிபயரும் செகண்ட்ஹாண்ட். எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் போட்டுக் கேட்டாயிற்று. சத்தத்தில் முதலிடம் அந்தப் பெட்டிக்குத்தான். வயலின்கள் ஒருபக்கம், பின்னால் தள்ளி கொம்பு வாத்தியங்கள், நடுவில் காற்று ஓடுவதற்கு இடம். ஸ்பீக்கர் சாதாரணம், அறையும் சாதாரணம். அப்படியிருக்க இது எப்படி? ஆசையோடு எடுத்துவைத்த தமிழ் ஈ.பி.கள் கரகரக்கின்றன. 78ஐ என்ன செய்வதென்றே தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_வால்வு (கண்டி)

தம்பி, அந்தப் பெட்டிகளை மட்டமாக நினைப்பதற்கு ஒரே காரணம், அவை கடையில் விற்கவில்லை, தபாலில் விற்றன. லட்சக்கணக்கில் போனதால் எங்கும் கிடைக்கிறது, எங்கும் கிடைப்பதால் மதிப்பில்லை. உள்ளே இருக்கும் வேலை வேறு கதை. ரீடர்ஸ் டைஜஸ்ட் ஒலிப்பதிவை ஆர்.சி.ஏ. என்ற அமெரிக்க இசைத்தட்டுக் கம்பனியிடம் கொடுத்தது. ஆர்.சி.ஏ.வுக்கு அந்த நாட்களில் இங்கிலாந்தின் டெக்கா கம்பனியோடு ஒப்பந்தம் இருந்தது, ஐரோப்பாவில் அதன் பதிவுகளைச் செய்தவர்கள் டெக்காவின் ஆட்கள். தயாரிப்பாளர் சார்ள்ஸ் கெர்ஹார்ட். பல பதிவுகளில் மைக் வைத்துச் சமன் செய்தவர் கென்னத் வில்கின்சன். லண்டன் கிங்ஸ்வே ஹோல், வால்தம்ஸ்டோ மண்டபம் போன்ற இடங்களில் முழு ஓர்க்கெஸ்ட்ராவை உட்காரவைத்து எடுத்தவை. வில்கின்சன் பெயருக்காகவே டெக்கா தட்டுக்கு அள்ளிக்கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அதே கை வேலை உங்கள் ட்ரங்குப் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது.

எல்லாப் பெட்டியும் அப்படியல்ல. பழைய மோனோ பதிவை மின்முறையில் ஸ்டீரியோவாக ஆக்கியது என்று அட்டையில் இருந்தால் தள்ளிவையுங்கள். அது வாளிக்குள் தலையை விட்டுப் பாடியது மாதிரி இருக்கும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். துரை அந்தப் பெட்டியை எத்தனை தடவை போட்டிருப்பார்? அதிகம் போடாததால்தான் புதிதாக இருக்கிறது. உங்கள் தாத்தாவின் ஈ.பி.கள் கரகரப்பதற்குக் காரணம் அவற்றை எல்லாரும் விரும்பியதுதான். நல்ல நிலையில் கிடைக்கும் தட்டு பெரும்பாலும் யாருக்கும் பிடிக்காத தட்டு. இந்த வியாபாரத்தில் நான் கண்ட உண்மை இது.

குழாய்_ஸ்பீக்கர் (மஸ்கெலியா)

வால்வு அண்ணன் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு எங்கள் அப்பாவைத்தான் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும். தோட்டம் தோட்டமாகப் போய்த் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஸ்பீக்கர் கட்டியவர். காலையில் பிள்ளையார் பாட்டில் தொடங்கினால் இரவு கூத்து ஆரம்பிக்கும் வரை தட்டு நிற்காது. பிளேயரில் இருந்தது செராமிக் கார்ட்ரிஜ் (முள் பொருந்தியிருக்கும் பாகம்). முள்ளின் பாரம் 5 கிராமுக்கு மேல். இப்போது நாம் பாவிக்கும் மெக்னட் கார்ட்ரிஜ் 2 கிராமுக்குள் ஓடுகிறது. அத்தோடு, தேய்ந்த ஊசியை மாற்றக் காசு வர வேண்டும், அதற்கு அடுத்த திருவிழா வர வேண்டும். தட்டின் கறுப்பு சாம்பல் நிறமானது அப்படித்தான்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தக் குழாய் ஸ்பீக்கர் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றும் தராது. மேலே போனாலும் சீக்கிரம் மூச்சு நின்றுவிடும். நடுவில் உள்ள குரல் மட்டும் மலையைத் தாண்டித் தோட்டத்தின் அடுத்த டிவிஷனுக்குக் கேட்கும். அதுதான் அதன் வேலை. அதனால் இந்தத் தட்டுகளின் கீழ்ச் சுரங்களை எங்கள் ஊரில் யாரும் கேட்டதே இல்லை. போன வருஷம் நல்ல செட்டில் போட்டபோது விஸ்வநாதன்–ராமமூர்த்தி பாட்டுகளுக்குள் ஒரு டபுள் பாஸ் நடந்துகொண்டே இருப்பது தெரிந்தது. போங்கோவின் தோலில் விரல் படுவதும் தெரிந்தது. மனப்பாடமான பாட்டுகள்தான், அப்பாவுக்கும் அது புதிது. "இது வேற தட்டா?" என்று உறையைப் புரட்டிப் பார்த்தார்.

அதனால் கூடைக்கு நான் சொல்வது, ஈ.பி.களை ஒதுக்காதீர்கள். அம்பிளிபயரில் மோனோ பட்டன் இருந்தால் அழுத்துங்கள். மோனோ தட்டில் பாட்டு பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் இருக்கிறது. மேலும் கீழுமான அசைவு முழுக்கத் தூசியும் தேய்மானமும். இடது, வலது இரண்டு ஸ்பீக்கருக்கும் போகிற சத்தத்தையும் சேர்த்தால் அந்தச் சத்தம் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போய்விடும். பாதிக் கரகரப்பு அந்த இடத்திலேயே குறையும்.

பண்டாரவளை_டீச்சர்

எல்லாரும் சத்தத்தையே பேசுகிறீர்கள். நான் ஜிம் ரீவ்ஸுக்காக வந்தேன். எங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் டிசம்பர் பிறந்தால் அவர் குரல்தான். சேர்ச்சுக்குப் போகிற குடும்பம், போகாத குடும்பம் என்ற வித்தியாசம் இல்லை. அவர் விமான விபத்தில் இறந்தது 1964இல். அதன் பிறகு பல வருஷம் இந்த நாட்டில் உயிரோடு இருக்கிற பாடகர் மாதிரியே நடமாடினார். அந்தத் தட்டுகளில் குரல் ஏன் காதுக்குப் பக்கத்தில் வந்து பேசுவது போல இருக்கிறது? சின்ன வயதில் ரேடியோவில் கேட்டபோதும் அப்படித்தான் இருந்தது.

இன்னொன்று, தில்லானா மோகனாம்பாள் தட்டு. 1968 படம், இசை கே.வி. மகாதேவன். நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். கோயில் வாசலில் நின்று கேட்கிற வாத்தியத்தை வீட்டு அறைக்குள் கேட்பதே ஒரு மாதிரியான அனுபவம். ஆனால் என் தட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். துடைத்தால் போகுமா?

பழைய_வால்வு (கண்டி)

டீச்சர், ஜிம் ரீவ்ஸ் முதலில் உரக்கப் பாடிக்கொண்டிருந்தவர். பிறகுதான் மைக்குக்கு வெகு கிட்டே வந்து, தாழ்ந்த குரலில், கதைப்பது போலப் பாட ஆரம்பித்தார். நாஷ்வில்லில் செட் அட்கின்ஸ் தயாரித்த அந்தப் பதிவுகளில் பின்னணி வாத்தியங்கள் குறைவு, குரலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும். அந்த மாதிரிப் பதிவு மலிவான ரேடியோவிலும் தாக்குப்பிடிக்கும், நல்ல செட்டிலும் நிமிர்ந்து நிற்கும்.

பூஞ்சணம் போகும். அது பிளாஸ்டிக்கைத் தின்பதில்லை. மேலே படிந்த தூசியையும் கை எண்ணெயையும் உறைக் காகிதத்தையும் பிடித்து வளர்கிறது. காய்ச்சி வடித்த தண்ணீர் நாலு பங்கு, ஐசோபுரோபைல் அல்கஹோல் ஒரு பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. மெல்லிய தூரிகையால் பள்ளத்தின் ஓட்டத்தோடு வட்டமாகத் தேயுங்கள், குறுக்கே வேண்டாம். பிறகு வெறும் வடிதண்ணீரால் கழுவி நிழலில் நிற்கவைத்து உலர்த்துங்கள். லேபலில் தண்ணீர் படக்கூடாது. பழைய உள்ளுறையை எரித்துவிடுங்கள். அதற்குள் திரும்பப் போட்டால் ஆறு மாதத்தில் மறுபடி முளைக்கும்.

78 தட்டில் மட்டும் அல்கஹோல் தொடவே கூடாது. அது வைனல் பிளாஸ்டிக் அல்ல, அரக்கு. அல்கஹோலில் கரைந்துவிடும். 78க்கு வடிதண்ணீரும் சோப்புச் சொட்டும் போதும். அதையும் சட்டென்று முடியுங்கள்.

மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்து ஆட்கள் மே மாதம் மழை பிடிப்பதற்குள் இந்த வேலையை முடிப்பது நல்லது. டீச்சருக்கு அந்தக் கவலை குறைவு. பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் அந்த மாதங்களில் காய்ந்த காற்று.

ஊவாக்காற்று (பதுளை)

என் பிரச்சினை வேறு. கனடாவிலிருந்து மாமா ஒரு டேர்ன்டேபிள் கொண்டுவந்து கொடுத்தார். 110 வோல்ட் என்பதால் ட்ரான்ஸ்போமர் வாங்கிப் போட்டேன். ஓடுகிறது. ஆனால் டி.எம். சௌந்தரராஜன் தூக்கத்தில் பாடுகிறார், சுசீலா ஆம்பிளைக் குரலில் பாடுகிறார். தட்டு கெட்டுவிட்டதா?

குழாய்_ஸ்பீக்கர் (மஸ்கெலியா)

😂 சுசீலாம்மாவைக் காப்பாற்றுங்கள் அண்ணே!

பழைய_வால்வு (கண்டி)

தட்டு நல்லாத்தான் இருக்கும். ட்ரான்ஸ்போமர் வோல்டேஜைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. கனடாவில் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. கரண்டின் துடிப்பைப் பிடித்து ஓடுகிற ஏ.சி. மோட்டர் என்றால் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். 33⅓ வர வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 27.8. சுருதி மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும், பாட்டும் இழுபடும். அந்த மாடலுக்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி கிடைக்கிறதா என்று பாருங்கள். மோட்டர் முனையில் உள்ள சின்னச் சக்கரம்தான் அது, கொஞ்சம் பருமனாக இருக்கும். டி.சி. மோட்டர் உள்ள மாடல்களில் இந்தத் தொல்லையே இல்லை. வெளிநாட்டுச் சொந்தக்காரர்களிடம் கேட்கிறவர்கள் இதை முதலில் கேளுங்கள்.

ஹெட்ஃபோன்_தம்பி (நுவரெலியா)

மன்னிக்கவும், ஒரு எதிர்க்கருத்து. 16 பிட் சீ.டி.யின் ஒலி வீச்சு, அதாவது மிக மெல்லிய சத்தத்துக்கும் மிக உரத்த சத்தத்துக்கும் உள்ள இடைவெளி, 96 டெசிபெல். நல்ல எல்.பி. (33⅓ வேகப் பெரிய தட்டு) 70ஐ எட்டினாலே பெரிய விஷயம். தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்குக் கீழே செக்கனுக்கு அரை மீற்றர் பள்ளம் ஓடுகிறது, உள்ளே லேபலுக்குப் பக்கத்தில் அது 21 சென்டிமீற்றர் ஆகிவிடுகிறது. அதனால்தான் கடைசிப் பாட்டில் 'ஸ' எல்லாம் 'ஷ' மாதிரி உரசுகிறது. போனில் இருக்கும் ஃபைலில் இதெல்லாம் இல்லை. நீங்கள் கேட்பது சத்தத்தை அல்ல, தாத்தாவின் ஞாபகத்தை என்று நினைக்கிறேன்.

கொழுந்துக்கூடை (டிக்கோயா)

தம்பி, துரையின் பெட்டியில் என் ஞாபகம் எதுவும் இல்லையே. அந்த இசையை நான் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்கிறேன். அதுதான் எல்லாவற்றையும் விட நன்றாக இருந்தது.

பழைய_வால்வு (கண்டி)

ஹெட்ஃபோன் தம்பி சொன்ன கணக்கு சரி. ஒரு நல்ல மாஸ்டர் டேப்பை, அதாவது மூல ஒலிநாடாவை, ஒழுங்காக டிஜிட்டலாக்கினால் தட்டு அதன் கிட்ட வராது. கேள்வி அந்த "ஒழுங்காக" என்பதில் இருக்கிறது. பழைய தமிழ்ப் பாட்டுகளுக்கு இணையத்தில் என்ன கிடைக்கிறது? இரைச்சலை நீக்குகிறேன் என்று குரலின் மேல்பகுதியையும் சேர்த்துச் சீவியிருப்பார்கள். மோனோவைப் பிடித்து எக்கோ பூசி அகலமாக்கியிருப்பார்கள். சிலதில் வேகமே பிசகியிருக்கும். உங்கள் போனில் உள்ள ஃபைலையும் அதே பாட்டின் நல்ல ஈ.பி. ஒன்றையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். ஒரு தட்டின் முதல் பாட்டை வைத்துக் கேளுங்கள், கடைசிப் பாட்டை வைத்து அல்ல. அந்த உள் ஓரக் குறை உண்மைதான், நான் மறுக்கவில்லை.

ஈ.பி.க்கு ஒரு சின்ன வசதியும் உண்டு. 45 வேகத்தில் சுற்றுவதால், தட்டு சிறிதாக இருந்தும் அதன் கடைசிப் பள்ளம் எல்.பி.யின் கடைசிப் பள்ளத்தை விட வேகமாக ஓடுகிறது. செக்கனுக்குச் சுமார் 25 சென்டிமீற்றர்.

ஹெட்ஃபோன்_தம்பி (நுவரெலியா)

சரி, முதல் பாட்டை வைத்தே கேட்கிறேன். ஹற்றனுக்கு வருகிறபோது கூடை அண்ணன் போட்டுக்காட்டினால் வந்து கேட்பேன். கணக்கை மட்டும் மாற்றமாட்டேன் 🙂

கொழுந்துக்கூடை (டிக்கோயா)

வாருங்கள். இப்போது 78 விஷயத்துக்கு வருகிறேன். கட்டைப் பிரித்தேன். நாய் படம் போட்ட எச்.எம்.வி., கொலம்பியா, சிலதில் லேபலே உரிந்துவிட்டது. நாதஸ்வர வித்துவான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஒன்று இருக்கிறது! உறைகளில் மூன்று நாலு பேருடைய பெயர்கள், வெவ்வேறு கையெழுத்து. எங்கள் குடும்பப் பெயர்கள் இல்லை. அம்மாவிடம் கேட்டதற்கு, "கப்பல் ஏறுனவங்க குடுத்துட்டுப் போனது" என்றார்.

குழாய்_ஸ்பீக்கர் (மஸ்கெலியா)

அப்படித்தான் இருக்கும். இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாகி, எழுபதுகளில் எங்கள் லயங்களிலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) குடும்பம் குடும்பமாகத் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறினார்கள். அரக்குத் தட்டு பாரம், விழுந்தால் உடையும். யாரும் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள். பக்கத்துக் காம்பராவில் (அறையில்) இருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்பாவின் சேமிப்பிலும் அப்படி வந்தவை உண்டு. மெட்ராஸில் பாடி, கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சாகி, கடல் தாண்டி மலையேறி வந்த தட்டுகள். வாங்கியவர்கள் திரும்பிப் போனபோது அவை மட்டும் இங்கேயே நின்றுவிட்டன.

அந்தப் பெயர்களுள்ள உறைகளை மட்டும் வீசாதீர்கள். வால்வு அண்ணன் எரிக்கச் சொன்னது இதற்குப் பொருந்தாது.

பழைய_வால்வு (கண்டி)

பொருந்தவே பொருந்தாது. உறையைத் தனியே வெயில் காட்டி, ஒரு ஃபைலில் வையுங்கள். தட்டுக்குப் புது உறை போடுங்கள்.

78ஐ உங்கள் இப்போதைய ஊசியால் போடாதீர்கள். எல்.பி. ஊசியின் முனை 1 மில்லுக்கும் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. 78இன் பள்ளம் அகலம், அதற்கு 3 மில் முனை வேண்டும், அதாவது சுமார் 76 மைக்ரோன். சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் விழுந்து அங்கே கிடக்கும் அழுக்கைத்தான் வாசிக்கும். "78 என்றால் கரகரப்புத்தான்" என்று பலர் நம்புவதற்குப் பாதிக் காரணம் இந்தத் தவறான ஊசி. உங்கள் கார்ட்ரிஜுக்கு 78 ஊசி தனியாக வருகிறதா பாருங்கள், பல மாடல்களுக்கு உண்டு. டேர்ன்டேபிளில் 78 வேகம் இல்லையென்றால் 45இல் பதிவுசெய்து கணினியில் வேகத்தை ஏற்றலாம்.

கையால் சுற்றும் கிராமபோனிலும் போடலாம், ஆனால் அந்த இரும்பு முள்ளை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். அரக்கோடு கல்தூள் கலந்திருப்பதால் தட்டு முள்ளைத் தேய்த்துத் தனக்கேற்ற வடிவுக்குக் கொண்டுவரும். இரண்டாவது பக்கத்துக்கும் அதே முள்ளைப் போட்டால் பிறகு முள் தட்டைத் தேய்க்கும்.

ராஜரத்தினம் பிள்ளை 1956இல் இறந்தவர், எல்.பி. காலம் அவருக்குச் சரியாக வாய்க்கவில்லை. 78க்குள் அடங்கியதுதான் நமக்கு மிச்சம். ஆனால் பாருங்கள், நாதஸ்வரம் மாதிரி ஓங்கி ஒலிக்கிற வாத்தியத்துக்கு அந்தத் தட்டு பொருத்தமானது. வாத்தியம் இரைச்சலுக்கு மேலே ஏறி நிற்கும். வீணையை 78இல் கேட்பதுதான் கஷ்டம்.

பண்டாரவளை_டீச்சர்

இலங்கை வானொலியை யாரும் சொல்லவில்லையே. எங்களுக்கு இந்தப் பாட்டுகள் தட்டாக வருவதற்கு முன்பே வானொலியாகத்தான் வந்தன. அங்கே இருந்த இசைத்தட்டுக் களஞ்சியத்தின் புகழ் இந்தியா வரைக்கும் இருந்தது. எஸ்.பி. மயில்வாகனம் காலத்திலிருந்து அறிவிப்பாளர்கள் பாட்டுக்கு முன்னே படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று சொல்லிவிட்டுத்தான் ஊசியை வைப்பார்கள். என் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாட்டு தெரிகிறது, எழுதியவர் யாரென்று தெரிவதில்லை.

அப்புறம் ஒரு மனக்குறையும் சொல்கிறேன். கூடையின் பெட்டியில் லண்டன் இருக்கிறது, நாஷ்வில் இருக்கிறது, மெட்ராஸ் இருக்கிறது. கொழுந்து எடுக்கும்போது எங்கள் பாட்டிமார் பாடியது எங்கே? தாலாட்டும் ஒப்பாரியும் காமன்கூத்தும் எங்கே? மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகக் கேட்டு எழுதித் தொகுத்ததால் சொற்களாவது அச்சில் நின்றன. மெட்டு காகிதத்தில் ஏறாது.

ஊவாக்காற்று (பதுளை)

டீச்சர் சொன்னது உண்மை. இசைத்தட்டுக்குச் செலவு செய்ய ஒரு கம்பனி வேண்டும், கம்பனிக்கு வாங்குகிற கூட்டம் வேண்டும். கொழும்பில் எழுபதுகளில் சிங்களப் பாட்டுக்கு சூரியா லேபல் இருந்தது, கிளாரன்ஸ் விஜேவர்தன எல்லாம் அதில்தான். தமிழ்ப் பொப்பிசைக்கு நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் வந்தார்கள். லயத்துக்கு யார் மைக் கொண்டுவருவார்கள்?

1977இல் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகுதான் கெசட் ரெக்கோடர் சாதாரண ஆட்களின் கைக்கு வந்தது. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்களும் கொண்டுவந்தார்கள். எங்கள் தோட்டத்துக் கூத்து வாத்தியாரின் குரல் ஒரு கெசட்டில் இருக்கிறது, நடுவே கோழி கூவுகிறது, யாரோ திட்டுகிறார்கள். சத்தத் தரம் என்று பார்த்தால் பூச்சியம். ஆனால் கூடையின் பெட்டி முழுவதையும் கொடுத்தாலும் அதை மாற்றமாட்டேன்.

குழாய்_ஸ்பீக்கர் (மஸ்கெலியா)

அண்ணே, அந்தக் கெசட்டை உடனே கணினியில் ஏற்றுங்கள். தட்டு ஐம்பது வருஷம் கிடக்கும், கெசட் நாடா அப்படிக் கிடக்காது. பழைய கெசட் என்றால் உள்ளே இருக்கும் பஞ்சுப் பட்டை கழன்றிருக்கும், போடுவதற்கு முன் பாருங்கள். நாடா இறுகியிருந்தால் ஒரு தடவை முழுக்க முன்னே ஓட்டிப் பின்னே ஓட்டிவிட்டுப் போடுங்கள். என்னிடம் நல்ல டெக் ஒன்று இருக்கிறது. ஹற்றன் வரைக்கும் கொண்டுவந்தால் நான் செய்துதருகிறேன், காசு வேண்டாம்.

கொழுந்துக்கூடை (டிக்கோயா)

அப்போ ஹற்றனிலேயே சந்திப்போம். 78 ஊசிக்குச் சொல்லியாயிற்று, வர எப்படியும் ஒரு மாதம். மோனோ பட்டன் என் அம்பிளிபயரில் இல்லை, கேபிளில் இரண்டையும் சேர்க்கிற Y சொக்கட் ஒன்று வாங்கினேன். ஈ.பி.கள் இப்போது கேட்கக்கூடியதாக இருக்கின்றன. டபுள் பாஸும் கேட்கிறது.

கொழும்பிலிருந்து ஒருவர் தோடித் தட்டுக்கு விலை கேட்டு உள்பெட்டியில் எழுதியிருக்கிறார். தட்டுகள் விற்பனைக்கு இல்லை. ரீடர்ஸ் டைஜஸ்ட் பெட்டியை யாரும் கேட்கவில்லை.

பழைய_வால்வு (கண்டி)

கேட்கமாட்டார்கள் தம்பி. சொல்லியும் கொடுக்காதீர்கள், நான் இன்னும் இரண்டு பெட்டி தேடிக்கொண்டிருக்கிறேன். Y சொக்கட்டை ஃபோனோ பிரீஆம்புக்கு (ஊசியிலிருந்து வரும் சன்னமான சத்தத்தைப் பெருக்கிக்கொடுக்கும் பகுதி) முன்னால் போட்டீர்களா, பின்னால் போட்டீர்களா? பின்னால் என்றால் இடது, வலது இரண்டு கேபிளுக்கும் ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று வைத்துச் சேருங்கள், பிரீஆம்புக்கு நல்லது.